மணி அடித்த பிறகு கிடைக்கும் ஒரு நொடி

குளிர் விலகி, மாலை வெளிச்சம் நீளத் தொடங்கும் வாரங்களில் என்னிடம் வரும் எலும்பு முறிவுகளின் கதை மாறிவிடும். உறைபனியில் வழுக்கி விழுந்தவர்கள் குறைவார்கள். வீங்கிய மணிக்கட்டை மறு கையால் தாங்கியபடியோ, தோள்பட்டை சற்றுத் தொங்கிய நிலையிலோ வருபவர்கள் கூடுவார்கள். எங்கே விழுந்தீர்கள் என்று கேட்டால், அவர்களில் பலர் சொல்லும் இடம் சாலை அல்ல. கார்களே நுழைய முடியாத, பாதுகாப்பானது என்று நம்பித் தேர்ந்தெடுத்த மிதிவண்டிப் பாதைதான். குளிர்காலம் முழுவதும் பத்துப் பேர் மட்டும் ஓட்டிக்கொண்டிருந்த அந்தப் பாதையில், முதல் வெயில் நாளன்று நடப்பவர்கள், ஓடுபவர்கள், குழந்தை வண்டி தள்ளுபவர்கள், ஸ்கேட் ஓட்டிகள், நாயோடு வருபவர்கள், மின்சார சைக்கிள்காரர்கள் என எல்லோரும் ஒரே நேரத்தில் இறங்கிவிடுகிறார்கள்.

விபத்து எப்படி நடந்தது என்று விசாரித்தால் இரண்டே பதில்கள்தான் வரும். நடந்துகொண்டிருந்தவர், "கண்மண் தெரியாத வேகத்தில் வந்து இடித்துவிட்டார்" என்பார். சைக்கிளில் வந்தவர், "மணி அடித்தேன் டாக்டர், அவர்தான் குறுக்கே வந்துவிட்டார்" என்பார். தொடக்கத்தில் இவர்களில் ஒருவர் பொய் சொல்வதாகவே நினைத்தேன். இப்போது, பெரும்பாலும் இருவருமே தாங்கள் உணர்ந்ததை உள்ளபடி சொல்கிறார்கள் என்று நம்புகிறேன். இந்த மாற்றத்துக்குக் காரணமான ஒரு மாலையை, சம்பந்தப்பட்டவர்களின் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றிச் சொல்கிறேன்.

அறுபது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணியும் முப்பது வயது மதிக்கத்தக்க ஓர் இளைஞரும் அடுத்தடுத்த படுக்கைகளில் இருந்தார்கள். அவருக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்திருந்தது, இளைஞருக்குக் கழுத்தடியிலிருந்து தோள் வரை செல்லும் காறையெலும்பு. பெண்மணி பாதையின் ஓரத்தில் தோழியோடு நடந்துகொண்டிருந்தார். இளைஞர் மணிக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர் வேகத்தில் பின்னால் வந்து, நான்கைந்து மீட்டர் தொலைவில் மணி அடித்திருக்கிறார். மணி கேட்ட பெண்மணி தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்தார். திரும்பும்போது உடலும் அரை அடி அந்தப் பக்கம் நகர்ந்தது. இளைஞர் கடந்து செல்லத் தேர்ந்தெடுத்திருந்த இடைவெளி அதே பக்கம்தான்.

கணக்கு எளிது. 20 கிலோமீட்டர் வேகம் என்பது நொடிக்கு ஐந்தரை மீட்டர். நடப்பவரின் வேகம் நொடிக்கு சுமார் 1.4 மீட்டர். இருவரும் ஒரே திசையில் செல்வதால், ஐந்து மீட்டர் இடைவெளி தீர்ந்துபோக ஒரு நொடிக்குச் சற்று மேல் ஆகும். ஓர் ஒலியைக் கேட்டு, அது என்னவென்று உணர்ந்து, எங்கிருந்து வருகிறது என்று திரும்பிப் பார்த்து, எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று முடிவெடுத்து, காலை எடுத்து வைப்பதற்கு அந்த நேரம் போதாது. முதல் பாதிக்கு மட்டுமே போதும். அதாவது, திரும்புவதற்கு மட்டும். தாமதமாக அடித்த மணி எச்சரிக்கையாக இருப்பதில்லை. நேராகப் போய்க்கொண்டிருந்தவரின் நடையைக் கலைப்பது மட்டுமே அதன் வேலையாகிவிடுகிறது. இதை உபதேசமாகச் சொல்லவில்லை. நானும் மிதிவண்டியில் வேலைக்குப் போகிறவன்தான். எதிரில் இருப்பவரைத் தொந்தரவு செய்ய வேண்டாமே என்ற தயக்கத்தில் கடைசி நொடியில் மணியைத் தட்டும் பழக்கம் எனக்கும் பல ஆண்டுகள் இருந்தது.

மணியை 20, 25 மீட்டர் தொலைவிலேயே அடித்தால் நடப்பவருக்கு ஐந்தாறு நொடிகள் கிடைக்கும். திரும்பிப் பார்க்கலாம், ஒரு முறை தவறான பக்கம் நகர்ந்துவிட்டாலும் திருத்திக்கொள்ளலாம். அடித்த பிறகு ஏதாவது ஓர் அடையாளம் வருகிறதா என்று பார்க்க வேண்டும்: தலை அசைவது, பக்கத்தில் இருக்கும் குழந்தையின் கையைப் பிடித்து இழுப்பது, இருவராக நடப்பவர்கள் ஒருவர் பின் ஒருவராவது. எதுவும் இல்லையென்றால் அவருக்குக் கேட்கவில்லை என்றே கொள்ள வேண்டும். ஹெட்போன் அணிந்திருப்பவர்களை எல்லோரும் குறை சொல்கிறோம். ஆனால் வயது ஏற ஏற முதலில் மங்குவது உயர்ந்த சுருதியுள்ள ஒலிகளைக் கேட்கும் திறன் என்பதை மறந்துவிடுகிறோம். சைக்கிள் மணியின் கீச்சொலி அந்த வகையைச் சேர்ந்தது. முதியவர்களிடம் சாதாரணக் குரலில் "பின்னால் வருகிறேன்" என்று சொல்வது பல நேரங்களில் மணியைவிட நன்றாக எட்டுகிறது. கேட்பதற்கு மரியாதையாகவும் இருக்கிறது.

நிறுத்தும் தொலைவையும் நாம் குறைத்தே மதிப்பிடுகிறோம். ஆபத்தை உணர்ந்து பிரேக்கை அழுத்த ஒரு நொடி ஆகும் என்றும், உலர்ந்த தரையில் நல்ல பிரேக் இருக்கிறது என்றும் வைத்துக்கொண்டால், மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி நிற்க ஆறரை மீட்டர் வேண்டும். 25-இல் 13 மீட்டர். 30-இல் ஏறத்தாழ 17 மீட்டர். எதிரெதிரே 25 கிலோமீட்டர் வேகத்தில் வரும் இரு வண்டிகள் நொடிக்கு 14 மீட்டர் வீதம் நெருங்குகின்றன. வசந்தத்தில் புதர்கள் தழைத்து வளைவுகளை மறைக்கும்போது இந்த எண்கள் என் நினைவுக்கு வந்துவிடும், வேகம் தானாகக் குறையும். அகலமும் தாராளமாக இல்லை. நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் பகிர்ந்துகொள்ளும் பல பாதைகள் மூன்று மீட்டர் அகலமே கொண்டவை. இருவர் இணையாக நடந்தால் ஒன்றரை மீட்டர் போய்விடும். ஓடும் சைக்கிளுக்கு அதன் ஆட்டத்தையும் சேர்த்து ஒரு மீட்டர் வேண்டும். எதிரே இன்னொரு வண்டி வந்தால் மூவருக்கும் அங்கே இடமில்லை. ஒருவர் பின்னால் காத்திருந்தே ஆக வேண்டும், அந்த ஒருவர் பின்னால் இருந்து கடக்க நினைப்பவர்தான்.

அப்படியிருந்தும் ஏன் வேகத்தைக் குறைக்கத் தயங்குகிறோம்? நடப்பவர்கள் இதைத் திமிர் என்று நினைக்கிறார்கள். சிலரிடம் அது திமிர்தான். ஆனால் பெரும்பாலும் காரணம் வேறு: மிதிவண்டி ஓடும்போதுதான் நிமிர்ந்து நிற்கும். நடை வேகத்துக்கு அருகில் வரும்போது அது தள்ளாடும், சமநிலைக்காக முன்சக்கரத்தை இருபுறமும் திருப்ப வேண்டியிருக்கும். கூட்டத்தில் தள்ளாடுவதைவிடச் சட்டென்று கடந்துவிடுவது பாதுகாப்பு என்று மனம் சொல்கிறது. அந்தக் கணக்கு தவறு. மெதுவாகத் தள்ளாடி விழுபவர் சிராய்ப்போடு எழுந்துகொள்வார். ஆளில்லாத இடத்தில் நடை வேகத்தில் நேர்கோட்டில் ஓட்டிப் பழகினால் இந்தப் பயம் குறையும். அதுவும் முடியாவிட்டால் ஒரு காலைத் தரையில் ஊன்றலாம். காலை ஊன்றாமலே வீடு போய்ச் சேர்வதைச் சாதனையாகக் கருதுபவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் இருவருக்கு நானே தகடு பொருத்தியிருக்கிறேன். நெரிசலான இரண்டு கிலோமீட்டரை 25-க்குப் பதிலாக 15 கிலோமீட்டர் வேகத்தில் கடந்தால் கூடுதலாகச் செலவாவது சுமார் மூன்று நிமிடம்.

மின்சார சைக்கிள்களைப் பற்றித் தனியாக ஒன்று. ஐரோப்பிய ஒன்றியத்தில் சாதாரண மின்சார சைக்கிளின் மோட்டார் 25 கிலோமீட்டர் வேகத்தோடு உதவியை நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது விதி. அந்த எண்ணைப் பலர் எந்நேரமும் போகத்தக்க வேகமாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். இந்த வண்டிகள் பெரும்பாலும் 20 கிலோவுக்கு மேல் எடை கொண்டவை. இருபது ஆண்டுகளுக்குப் பிறகு மீண்டும் ஓட்ட வருபவருக்கு இளமைக்கால வேகம் கிடைத்துவிடுகிறது. அனிச்சைச் செயல்களும் கழுத்தைத் திருப்பும் திறனும் அப்படித் திரும்பக் கிடைப்பதில்லை.

குழந்தைகள் விஷயத்தில் பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. சிறு குழந்தை எங்கே பார்க்கிறதோ, அங்கேயே சைக்கிளும் போகும். பின்னாலிருந்து பெயர் சொல்லி "ஓரமா வா!" என்று கத்தினால், பிள்ளை உங்களைப் பார்க்கத் திரும்பும், வண்டி பாதையின் நடுவுக்கு வரும். குழந்தையை முன்னால் விட்டு, நீங்கள் பின்னால், பாதையின் நடுப்பக்கமாகச் சற்று விலகி ஓட்டுங்கள். கடக்க வருபவர்கள் முதலில் உங்களைத்தான் சுற்றிப் போக வேண்டியிருக்கும். கைப்பிடியின் நுனியில் உள்ள ரப்பர் கிழிந்திருந்தால் மாற்றிவிடுங்கள். விழும்போது அந்த நுனி வயிற்றில் குத்தினால், வெளியே வட்டமாக ஒரு சிறு கன்றல் மட்டும் தெரியும்; உள்ளே மண்ணீரலோ கணையமோ முன்சிறுகுடலோ காயப்பட்டிருக்கலாம். வலியும் வாந்தியும் பல மணி நேரம் கழித்துக்கூடத் தொடங்கலாம். இது என் துறை அல்ல. ஆனால் கையைக் காட்ட வந்த குழந்தையின் சட்டையைத் தூக்கிப் பார்க்காமல் நான் அனுப்புவதில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நீளும் கயிற்றில் கட்டிய நாய் பாதையின் ஒரு பக்கமும் அதன் உரிமையாளர் மறு பக்கமும் இருந்தால், நடுவில் இருப்பது பொறி. குழுவாக ஓட்டுபவர்கள், முன் வண்டியின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் தங்கள் முன்சக்கரத்தை நுழைக்கக் கூடாது. உரசினால் விழுவது பின்னால் இருப்பவர்தான். உறைபனியில் வழுக்காமல் இருக்கக் குளிர்காலத்தில் தூவிய மணலும் பொடிக்கற்களும் வளைவுகளில் தங்கியிருக்கும். மாதக்கணக்கில் சும்மா நின்ற வண்டியின் டயர் காற்றையும் பிரேக் கட்டைகளையும் பார்க்காமல் வெளியே எடுக்காதீர்கள்.

விழுந்துவிட்டால், முதலில் பாதையை விட்டு ஓரத்துக்கு வாருங்கள். எழ முடியாதவரை இழுத்து எழுப்பாமல், பின்னால் வருபவர்களை ஒருவர் தடுத்து நிறுத்த வேண்டும். கையை ஊன்றி விழுந்த பிறகு, கட்டைவிரலை விரித்தால் அதன் அடியில் மணிக்கட்டருகே தெரியும் குழியில் வலித்தால், அது ஸ்கேஃபாய்டு என்னும் சிறு எலும்பின் முறிவாக இருக்கலாம். முதல் நாள் எக்ஸ்ரேயில் இது தெரியாமல் போவதுண்டு. அதனால்தான் படம் சரியாக இருந்தாலும் கட்டுப் போட்டு, பத்துப் பதினான்கு நாள் கழித்து மீண்டும் வரச் சொல்கிறோம். சுளுக்குதான் என்று வராமல் விட்டவர்களுக்கு அந்த எலும்பு ரத்த ஓட்டமின்றிச் செத்துப்போவதைப் பார்த்திருக்கிறேன். தலையில் அடிபட்டவர் மயங்கவில்லை என்பதால் மூளையதிர்ச்சி இல்லை என்று முடிவு செய்யக் கூடாது. ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து எடுப்பவர்கள், தலையில் அடிபட்டால் நன்றாக உணர்ந்தாலும் அன்றே மருத்துவமனைக்கு வர வேண்டும். அடி வாங்கிய தலைக்கவசம், விரிசல் தெரியாவிட்டாலும், மீண்டும் அணியத் தக்கதல்ல.

அந்தப் பெண்மணிக்கு ஆறு வாரம் கழித்து மாவுக்கட்டைப் பிரித்தோம். விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டே, பாதையில் எந்த நேரத்தில் கூட்டம் குறைவாக இருக்கும் என்று கேட்டார். விடுமுறை நாளானாலும் காலை எட்டு மணிக்கு முன்பு போனால் நிம்மதியாக நடக்கலாம் என்றேன். தோழி மாலையில்தான் வருவாள் என்றார். அப்படியானால் ஒருவர் பின் ஒருவராக நடங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு எப்படிப் பேசிக்கொண்டு நடப்பது என்று அவரே கேட்டுவிட்டார்.