மழுங்கிய கத்தியும் நிஜமான குத்தும்

பொங்கல், ஆடிப்பெருக்கு மேடைகளில் ஒரு காட்சி தவறாமல் வருகிறது. பையன் மல்லாந்து படுத்திருப்பான், வயிற்றின் மேல் வெள்ளரிக்காய் இருக்கும். மாஸ்டர் கண்ணைக் கட்டிக்கொண்டு வாளை ஓங்குவார். காய் இரண்டாகும், கூட்டம் கைதட்டும். காய் அசையவில்லை, பையன் அசையவில்லை, யாரும் யாரையும் எதிர்க்கவுமில்லை. பையனுக்கு ஓர் இருமல் வந்தால் என்ன ஆகும் என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை. தற்காப்புக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் சிலம்பக் கூடங்களிலும் கராத்தே வகுப்புகளிலும் கத்தித் தற்காப்பு சொல்லிக் கொடுப்பது கூடியிருக்கிறது. கூடவே ஒரு தப்பான எண்ணமும் வளர்ந்திருக்கிறது: கூர்க் கத்தி பிடித்தால் அது நிஜப் பயிற்சி, ரப்பர் கத்தி பிடித்தால் விளையாட்டு. உண்மை நேர்மாறானது. கூர்க் கத்தி கையில் இருந்தால் ஜோடி பயந்துகொண்டுதான் குத்துவார். கையை நீட்டி, அங்கேயே நிறுத்தி, நீங்கள் பிடிக்கும்வரை காத்திருப்பார். பயிற்சியைப் பொய்யாக்குவது அந்தக் காத்திருப்புதான். கத்தி மழுங்கியிருந்தால்தான் குத்து நிஜமாக வரும்.

ஆகவே முதல் விதி, கூடத்துக்குள் கூரான எதுவும் இருக்கக் கூடாது. சொல்லத் தேவையில்லை என்று தோன்றும். ஆனால் மாலை வகுப்புக்கு வருகிறவர்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்று பாருங்கள். ஓசூர் கம்பெனியில் ஷிப்ட் முடித்து வருகிறவர் பாக்கெட்டில் அட்டைப்பெட்டி அறுக்கும் கட்டர் இருக்கும். ரோஜாத் தோட்டத்திலிருந்து வருகிறவரிடம் கவாத்துக் கத்தரி இருக்கும். மாங்காய் சீசனில் பேனாக் கத்தி இல்லாத பையே கிடையாது. வண்டி சீட்டுக்கு அடியில் கொடுவாள் வைத்திருப்பவர்களும் உண்டு. எல்லாவற்றையும் வாசலில் ஒரு டப்பாவில் போடச் சொல்லுங்கள். பிறகு மூன்று முறை சோதனை: அவரவர் தன்னைத்தானே, ஜோடி ஜோடியை, கடைசியாக மாஸ்டர் எல்லோரையும். தண்ணீர் குடிக்க வெளியே போய் வந்தவருக்கு மீண்டும் முதலிலிருந்து. அலுப்பான வேலைதான். பயிற்சிக் கத்தி என்று நினைத்து அசல் கத்தியை எடுத்துவிடும் விபத்து இந்த அலுப்பில்தான் நடக்கிறது. அதனால் பயிற்சிக் கத்திகளின் பிடியும் அலகும் பளிச்சென்று சிவப்போ ஆரஞ்சோ இருக்கட்டும். கறுப்பு, வெள்ளி நிறம் வேண்டாம். வகுப்பு தொடங்கும்போது எண்ணி எடுத்து, முடியும்போது எண்ணி வையுங்கள்.

சட்டத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். 2016 ஆயுத விதிகளின்படி அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்தி ஆயுத வகையில் வரும். வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் என்றே செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. வாளும் பட்டாக்கத்தியும் அந்த விலக்கில் வராது. மாணவனின் தோள்பையில் அதைக் கொடுத்து டவுன் பஸ்ஸில் அனுப்புவது எந்த வாத்தியாருக்கும் அழகல்ல.

இனி, எந்தப் பயிற்சிக் கத்தி? நான்கு வகை புழக்கத்தில் உண்டு. ஸ்பாஞ்ச் சுற்றியது முழு வேகத்துக்கு ஏற்றது. அழுத்தினால் மடங்க வேண்டும், உள்ளே குச்சி தட்டுப்பட்டால் தூக்கிப் போட வேண்டியதுதான். ரப்பர் கத்தி நடுத்தர வேகத்துக்கு. ரொம்பத் தொளதொளவென்று இருந்தால் குத்தும்போது வளைந்து, படாத குத்தைப் பட்டதுபோலவும் பட்டதைப் படாததுபோலவும் காட்டும். ரொம்பக் கெட்டியாக இருந்தால் விலாவில் மரக்கட்டை இடித்த மாதிரிதான். மரக் கத்தி மெதுவான பயிற்சிக்கு நல்லது. ஆனால் அடிபட்டு அடிபட்டுச் சிராய் கிளம்பும். விரல் ஓட்டிப் பார்க்காதீர்கள். பழைய நைலான் துணியால் துடைத்துப் பாருங்கள், எங்கே நூல் மாட்டுகிறதோ அங்கே சிராய். அலுமினியக் கத்தி எடையிலும் பிடியிலும் அசலுக்கு மிக நெருக்கம். அதனாலேயே அதை மெதுவாக மட்டும் பயன்படுத்த வேண்டும். ஒன்றோடொன்று மோதினால் ஓரத்தில் பிசிர் எழும், அந்தப் பிசிர் தோலைக் கிழிக்கும். வாரம் ஒருமுறை உப்புத்தாள் போட்டுத் தேயுங்கள்.

எந்த வகையானாலும் முனை ஒரு ரூபாய் நாணயத்தின் வளைவுக்குக் குறையாமல் உருண்டிருக்க வேண்டும். அதுவும் கண்ணுக்குக் காவல் ஆகாது. கண்குழியின் வாய் சுமார் 4 செ.மீ. அகலம், 3.5 செ.மீ. உயரம். உருண்டை முனை அதற்குள் தாராளமாகப் போகும். எனவே மெதுவான பயிற்சியிலும் பாலிகார்பனேட் கண்ணாடி கட்டாயம். பவர் கண்ணாடி அதற்கு மாற்று அல்ல, அதுவே உடைந்து குத்தும். வேகம் கூட்டினால் வாள்சண்டை விளையாட்டில் போடும் கம்பிவலை முகமூடி வேண்டும், தொண்டையை மறைக்கும் துணிப்பகுதியோடு. முகமூடி இல்லாத கூடத்தில் காறை எலும்புக்கு மேல் குத்தே கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உண்மையில் இந்தப் பயிற்சியில் கத்தியால் வரும் காயத்தைவிட விரலில் வருவதே அதிகம். ஓடும் கையைப் பிடிக்கப் போய்க் கட்டைவிரல் பின்னால் மடங்கும். கத்தியைப் பறிக்க எதிராளியின் கையை முறுக்கிப் பிடிக்கும் பூட்டை வெடுக்கென்று போட்டால் மணிக்கட்டு பிசகும். பூட்டைக் கடைசிவரை மெதுவாகவே போட்டு, ஜோடி போதும் என்று கையால் தட்டியதும் விட வேண்டும். மோதிரம், வளையல், மெட்டி எல்லாம் கழற்றியாக வேண்டும். மோதிரம் மாட்டி இழுத்தால் விரலின் தோலே உரிந்து வரும். சாமிக் கயிற்றைக் கழற்ற மனமில்லாதவர் மேலே கைப்பட்டை போட்டுக்கொள்ளட்டும். கல்யாண மண்டபத்தில் வகுப்பு எடுப்பவர்களுக்கு இன்னொன்று: நம்மூர் பாலிஷ் கிரானைட் தரை வியர்வை சொட்டினால் கண்ணாடி போல வழுக்கும். மேட் விரிக்க முடியாவிட்டால் முழு வேகப் பயிற்சியை அங்கே வைக்காதீர்கள்.

இப்போது நிஜத்துக்கு வருவோம். பெரும்பாலான வகுப்புகளில் செட், அதாவது ஜோடியாகச் செய்யும் பயிற்சி வரிசை, இப்படி இருக்கும்: எதிராளி இரண்டு அடி தள்ளி நின்று, கத்தியைக் காட்டி, ஒரே ஒரு குத்து விடுவார். கை நீட்டியபடியே நிற்கும். நீங்கள் தட்டி, பிடித்து, முறுக்கிப் பறிப்பீர்கள். நிஜத் தாக்குதல் அப்படி வராது. கத்தி தொடைக்குப் பின்னால் மறைந்திருக்கும். தீப்பெட்டி கேட்டுக்கொண்டோ மணி கேட்டுக்கொண்டோ பக்கத்தில் வருவார். இடது கை உங்கள் சட்டையைக் கொத்தாகப் பிடிக்கும், வலது கை தையல் மிஷின் ஊசி மாதிரி போய்ப்போய் வரும். குத்திய கை அதே வேகத்தில் திரும்பி விடுவதால் பிடிக்க அங்கே கை இருக்காது. ஸ்டாப்வாட்ச் வைத்து ஸ்பாஞ்ச் கத்தியால் தலையணையைக் குத்திப் பாருங்கள், சாதாரண ஆளே விநாடிக்கு இரண்டு மூன்று குத்து விடுவார். எதிர்பார்த்து நிற்கும்போதே கண் பார்த்துக் கை அசையக் கால் விநாடி ஆகிவிடும். குத்துப்பட்டவர்கள் பலரும் முதலில் அதை முஷ்டிக் குத்து என்றே நினைக்கிறார்கள், ரத்தம் பார்த்தபிறகுதான் தெரிகிறது.

தூரக் கணக்கும் அப்படித்தான். அமெரிக்காவில் சால்ட் லேக் சிட்டி போலீஸ் பயிற்றுநர் டென்னிஸ் டூலர் 1983-ல் ஒரு கணக்கை எழுதினார்: கத்தியோடு ஓடி வருகிறவர் 21 அடியைக் கடக்கச் சுமார் ஒன்றரை விநாடி. துப்பாக்கியை உறையிலிருந்து எடுத்துச் சுடுவதற்கே அவ்வளவு நேரம் ஆகும் என்பது அவர் கவலை. வகுப்பில் டேப் வைத்து 21 அடி அளந்து சாக்பீஸ் கோடு போடுங்கள். ஒருவர் மொபைல் பார்த்துக்கொண்டு நிற்கட்டும், மற்றவர் ஸ்பாஞ்ச் கத்தியோடு ஓடி வரட்டும். ஒரு முறை செய்து பார்த்தால் போதும், ‘பக்கத்தில் வந்ததும் பார்த்துக்கலாம்’ என்கிற பேச்சு நின்றுவிடும்.

அடுத்து பனியன் சோதனை. பழைய வெள்ளை பனியன், கத்தி ஓரத்தில் சிவப்பு லிப்ஸ்டிக் அல்லது நனைத்த கலர் சாக்பீஸ். குங்குமம் வேண்டாம், கண்ணில் பட்டால் எரியும். ஐந்து விநாடி மட்டும் சுற்று. பிறகு கோடுகளை எண்ணுங்கள். கழுத்தோரம், அக்குள், முழங்கையின் உள்பக்கம், வயிறு, தொடையின் உள்பக்கம் எவ்வளவு என்று தனித்தனியாகக் குறித்து வையுங்கள். பல வருடம் ஆடியவர் பனியனும் சிவந்துதான் இருக்கும். அது அவமானமில்லை. இந்த வட்டாரத்து நடுகற்களைப் பாருங்கள், வில்லும் குறுவாளும் ஏந்தி நிற்கும் வீரனின் உடம்பில் அம்பு தைத்திருப்பதையும் சேர்த்தே செதுக்கியிருப்பார்கள். சண்டையில் நின்றவனுக்குக் காயம் உண்டு என்பதைச் சிற்பி மறைக்கவில்லை, நம் டெமோக்கள்தான் மறைக்கின்றன. பனியனில் பார்க்க வேண்டியது கோடே இல்லாமல் வருகிறதா என்பதை அல்ல. மாதத்துக்கு மாதம் கழுத்து, வயிற்றுக் கோடுகள் குறைகின்றனவா என்பதைத்தான்.

வேகம் ஏற்றுவதிலும் ஒரு கள்ளத்தனம் நடக்கும். குத்துகிறவர் மெதுவாகக் குத்துவார், தடுக்கிறவர் முழு வேகத்தில் தடுத்துவிட்டு ஜெயித்துவிட்டதாக நினைப்பார். இருவரும் ஒரே தாளத்தில் இருக்க வேண்டும். மாஸ்டர் கைதட்டித் தாளம் கொடுப்பது நல்ல வழி. முதல் நாட்கள் கால் வேகம், ஆனால் குத்திய கை கட்டாயம் திரும்ப வேண்டும். பிறகு ஒன்றுக்குப் பதில் மூன்று குத்து. அதன்பிறகு இடது கை சட்டையைப் பிடிக்கலாம், தள்ளலாம். அதற்கும் பிறகு பேச்சோடு தொடங்கி எப்போது குத்து வரும் என்று தெரியாமல் வைப்பது. முழு வேகம் கடைசியில்தான், அப்போது கூடத்தில் ஒரே ஒரு ஜோடி, பக்கத்தில் பார்க்க ஓர் ஆள், ஐந்திலிருந்து எட்டு விநாடி. மூன்று சுற்றுக்கு மேல் போனால் கை தளர்ந்து கத்தி முகத்துக்கு எகிறும். ‘நிறுத்து’ என்று யார் கத்தினாலும், வேடிக்கை பார்க்கும் குழந்தை கத்தினாலும், எல்லோரும் நிற்க வேண்டும்.

தடுப்பதில் என்ன சொல்லிக் கொடுப்பது? முதலில் ஓட. கதவு எந்தப் பக்கம், நடுவில் போட என்ன இருக்கிறது, நாற்காலியா, பைக்கா, தோள்பையா என்று பார்க்கப் பழக்குங்கள். ஓட வழியில்லை என்றால் இரண்டு கையாலும் கத்திக் கையின் மணிக்கட்டையும் முழங்கைக்கு மேல் பக்கத்தையும் பிடித்து நெஞ்சோடு அணைத்துச் சுவரில் அழுத்துவது, வியர்வைக் கையில் ஒற்றைப் பிடியைவிட நிற்கும். பெருக்கல் குறி மாதிரி இரண்டு கையைக் குறுக்கே வைத்துத் தடுப்பது மேலிருந்து வரும் ஒற்றைக் குத்துக்கு மட்டும் சரி. அடுத்த குத்து கீழே வந்தால் இரண்டு கையும் மேலே மாட்டிக்கொண்டிருக்கும். பறிப்பது எல்லாவற்றுக்கும் கடைசி.

பறித்தபின் செய்வதில் இரண்டு கெட்ட பழக்கம் உண்டு. ஒன்று, மரியாதையாகக் கத்தியை ஜோடியிடமே திருப்பிக் கொடுப்பது. நூறு முறை கொடுத்த கை நூற்றியோராம் முறையும் கொடுக்கும். தரையில் போட்டு, நான்கு அடி விலகி, அவர் எடுத்துக்கொள்ளட்டும். இன்னொன்று, பறித்த கத்தியால் அவரையே குத்தி செட்டை முடிப்பது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 37-வது பிரிவு, தற்காப்புக்குத் தேவையானதற்கு மேல் தீங்கு செய்யும் உரிமை இல்லை என்கிறது. வெறுங்கையோடு ஓடுகிறவனைக் குத்தினால் அது தற்காப்பு ஆகாது. பையன்கள் செட்டில் பழகியதைத்தான் தெருவில் செய்வார்கள். எங்கள் கருத்தில் 14 வயதுக்குக் கீழே கத்தி செட்டே தேவையில்லை. கத்தவும் ஓடவும் பழக்கினால் போதும்.

காயம் பட்டால் காபித்தூள், மஞ்சள்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். வெட்டுக்காயப் பூண்டும் வேண்டாம். சுத்தமான துணியை வைத்து, எட்டிப் பார்க்காமல் பத்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். கையிலோ காலிலோ பீறிட்டால், அழுத்தியும் நிற்காவிட்டால், காயத்துக்கு மேலே இரண்டு மூன்று அங்குலம் தள்ளி, மூட்டின் மேல் படாமல், அகலமான பட்டையால் கட்டிக் குச்சி கொடுத்து முறுக்குங்கள். கட்டிய நேரத்தை அவர் நெற்றியிலேயே பேனாவால் எழுதுங்கள். அக்குள், தொடை இடுக்கு என்றால் கட்ட முடியாது, துணியைக் காயத்துக்குள் திணித்து அழுத்த வேண்டும். குத்தி நிற்கும் பொருளைப் பிடுங்காதீர்கள். கண்ணில் பட்டால் தண்ணீர், சொட்டு மருந்து, அழுத்தம் எதுவும் கூடாது. பேப்பர் கப்பைக் கவிழ்த்து, கண்ணைச் சுற்றியுள்ள எலும்பின் மேல் ஒட்டிக் கூட்டிப் போங்கள். ரப்பர் கத்தி இடது விலாவுக்குக் கீழே பலமாகப் பட்டு, சற்று நேரம் கழித்து இடது தோளில் வலி வந்தால் அது தோள் வலி அல்ல, மண்ணீரலில் ரத்தக் கசிவாக இருக்கலாம், உடனே ஆஸ்பத்திரி. சிறு கீறலானாலும் மண்தரையில் பட்டதென்றால், கடைசி டி.டி. ஊசி போட்டு 5 வருடம் ஆகியிருந்தால், இன்னொன்று போட வேண்டும்.

தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ஆனால் வகுப்பு சித்தேரியிலோ அஞ்செட்டிப் பக்கமோ நடந்தால் 108 மலை ஏறி வர நேரம் பிடிக்கும். அந்த நேரத்துக்கு அழுத்திப் பிடிக்கக் கூடத்தில் குறைந்தது இரண்டு பேருக்காவது தெரிந்திருக்க வேண்டும். துணி, பட்டை, குச்சி, பேனா, பேப்பர் கப் எல்லாம் ஒரு பையில், கூடத்துச் சாவி தொங்கும் அதே ஆணியில் தொங்கட்டும். பக்கத்தில் சுவரில் கூடத்தின் முழு விலாசம், அருகிலுள்ள கோயில் அல்லது பள்ளிக்கூடத்தின் பெயர், வண்டி திரும்ப வேண்டிய சந்து. பதற்றத்தில் போன் பேசுகிறவர் அதைப் பார்த்துப் படித்தால் போதும்.