ஆடு தொடா இலையும் மான் தொடாத் தொட்டியும்

அத்தை வீட்டு மொட்டைமாடியில் நின்றால் பன்னேர்கட்டா காட்டின் வேலி தெரியும். சேலத்திலிருந்து பெங்களூருக்கு வந்து நாற்பது ஆண்டுகள் ஆன அத்தை, இந்தக் காட்டோர வீட்டுக்குக் குடிவந்து இரண்டு ஆண்டுகள்தான் ஆகின்றன. சென்ற மார்ச்சில் ஒரு காலை, வாசலில் வரிசையாக இருந்த பதினோரு தொட்டிகளில் ஏழு மொட்டையாக நின்றன.

"குரங்கு வேலை" என்றார் அத்தை.

குரங்கு பூவைப் பிய்த்துப் பாதி தின்றுவிட்டு மீதியை வீசும். இங்கே தரையில் ஓர் இதழ்கூட இல்லை. முயல் என்றால் தண்டு கத்தியால் சீவியதுபோல் சாய்வாக அறுந்திருக்கும். ஆனால் செம்பருத்தியின் கிளை நுனிகள் நார்நாராகக் கிழிந்திருந்தன. மானுக்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது; அந்த இடத்தில் தடித்த ஈறுதான் உண்டு. கீழ்ப்பற்களால் தழையை அந்த ஈற்றோடு அழுத்திப் பிடித்துத் தலையை வெடுக்கென்று இழுக்கும். ஆடு மாடுகளும் இப்படித்தான் மேய்கின்றன என்றாலும், அந்தத் தெருவில் ஆடு மாடு வளர்ப்பவர் எவருமில்லை. வந்தது புள்ளிமான்தான். புல் கிடைக்கும்வரை புல்லையே விரும்பும் விலங்கு அது. கோடையில் புல் காய்ந்ததும் தழையைத் தேடும். அந்த நேரத்தில் தினமும் தண்ணீர் ஊற்றி வளர்த்த ரோஜா, விருந்து இலை போட்டு வைத்ததுபோல் வாசலில் காத்திருக்கிறது. முள் இருக்கிறதே என்று கேட்கலாம். இளந்தளிரில் முள் இன்னும் இறுகியிருக்காது. குறுகிய வாயும் நீண்ட நாக்கும் முற்றிய முட்களுக்கு நடுவிலும் புகுந்துவிடும்.

அப்படியானால் மான் தொடாத பூச்செடி எது? அமெரிக்காவில் இதற்கென்றே பட்டியல்கள் உண்டு. நியூ ஜெர்சியின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் தோட்டச் செடிகளை நான்கு வகையாகப் பிரிக்கிறது: அரிதாகச் சேதப்படுபவை, எப்போதாவது கடுமையாகச் சேதப்படுபவை, இடையிடையே, அடிக்கடி. 'ஒருபோதும் இல்லை' என்று ஐந்தாவது வகை கிடையாது. அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அது அங்குள்ள வெண்வால் மானையும் அங்குள்ள செடிகளையும் பார்த்து எழுதியது. நமக்கு அதைவிடப் பழைய பட்டியல் ஒன்று தாய்மொழியிலேயே இருக்கிறது. ஆடாதொடை என்றால் ஆடு தொடாத இலை. ஆடுதின்னாப்பாளைக்கு விளக்கமே தேவையில்லை. முன்னதில் வாசிசின் என்ற ஆல்கலாய்டும் (செடிகள் தற்காப்புக்குச் சேர்த்துவைக்கும் ஒருவகைக் கசப்புப் பொருள்), பின்னதில் சிறுநீரகத்தைக் கெடுக்கும் அரிஸ்டோலோக்கிக் அமிலமும் உள்ளன. பூச்சிவிரட்டிக் கரைசலுக்கு இலை பறிக்கும் விவசாயிகள் கசப்பது, ஒடித்தால் பால் வடிவது, ஆடு மாடு தின்னாதது என்று தேடுகிறார்களே, அந்த இலக்கணம் மானுக்கும் ஏறக்குறையப் பொருந்தும். காரணம், இவை எல்லாமே அசைபோடும் விலங்குகள்.

அசைபோடும் விலங்கின் முதல் வயிற்றறை ஒரு நொதித்தல் தொட்டி. இலையின் நாரைச் செரிப்பது மான் அல்ல, அதனுள் வாழும் நுண்ணுயிர்கள். ரோஸ்மேரி, லாவெண்டர், கற்பூரவல்லி போன்றவற்றின் வாசனை எண்ணெய்கள் பல நுண்ணுயிர்களின் வளர்ச்சியைத் தடுப்பவை. நமக்கு மணக்கும் இலை, மானின் வயிற்றில் குடியிருக்கும் வேலையாட்களை முடக்கிவிடுகிறது. அரளியின் நஞ்சு இன்னும் நேரடியானது. இதயத் தசைச் செல்களில் சோடியத்தை வெளியேற்றிப் பொட்டாசியத்தை உள்ளிழுக்கும் இயக்கத்தையே அது நிறுத்துகிறது.

மான் சும்மா இருப்பதில்லை. துவர்ப்பான டானின், புரதத்தோடு ஒட்டிக்கொண்டு செரிமானத்தைக் கெடுக்கும். அதைப் பிடித்துக் கட்டிப்போடும் புரதங்கள் மானின் உமிழ்நீரில் இருப்பதாகவும், ஆடு மாடுகளைச் சேர்ந்த செம்மறியிலும் பசுவிலும் அவை இல்லை என்றும் 1989இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆக, வெறும் துவர்ப்பை நம்பி மானுக்கு எதிரே தொட்டி வைக்க முடியாது. மேலும், மான் ஒரே செடியில் வயிறு நிரப்புவதில்லை. இங்கே ஒரு வாய், அங்கே ஒரு வாய். எந்த நஞ்சும் கல்லீரல் சமாளிக்கும் அளவைத் தாண்டாமல் இப்படிப் பார்த்துக்கொள்கிறது. புதிய செடி என்றால் முதலில் ஒரு வாய் ருசிபார்க்கும்; வயிற்றுக்கு ஒவ்வாவிட்டால் அந்த மணத்தையும் சுவையையும் நினைவில் வைத்து ஒதுக்கும்.

தொட்டியில்தான் சிக்கல். தரையில் வேரூன்றிய செடி ஒரு வாய் போனால் மறுபடி துளிர்க்கும். தேங்காய் நார்க்கழிவும் மண்புழு உரமும் கலந்த பொலபொல மண்ணில் நேற்று நட்ட செடி, அந்த ஒரே இழுப்பில் வேரோடு வெளியே வந்துவிடும். மான் துப்பிவிட்டுப் போனாலும் செடி போனதுதான்.

இன்னொன்றும் உண்டு, நர்சரியில் யாரும் சொல்லாதது. பெங்களூரின் சித்தாபுராவில், லால்பாக் பூங்காவுக்குப் பக்கத்து நர்சரிகளில் பளபளவென்று நிற்கும் செடி, நன்றாக உரம் தின்ற செடி. தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், தாராளமாகக் கிடைத்தால் செடி தன் சரக்கையெல்லாம் வளர்ச்சிக்கே செலவிடும். டானின் போன்ற, நைட்ரஜன் இல்லாத தற்காப்புப் பொருள்கள் அப்போது பெரும்பாலும் குறைந்துபோகின்றன. இலையும் மெல்லியதாக, புரதம் நிறைந்து, தின்னத் தோதாக இருக்கும். ஆல்கலாய்டின் கதை வேறு. அதன் கட்டமைப்பிலேயே நைட்ரஜன் இருக்கிறது. உரம் போட்டால் அதற்கு மூலப்பொருள் தட்டுப்பாடு வருவதில்லை. எனவே உரம் வாங்கியே வாழவேண்டிய தொட்டிச் செடிக்கு, ஆல்கலாய்டு வகையே என் முதல் தேர்வு.

அதில் முதலிடம் நித்தியகல்யாணிக்கு. நூற்றுக்கும் மேற்பட்ட ஆல்கலாய்டுகள் அதில் உள்ளன. 1950களில் கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் அதிலிருந்துதான் புற்றுநோய் மருந்தான வின்பிளாஸ்டினைப் பிரித்தெடுத்தார்கள். ஆண்டு முழுவதும் பூக்கும், வெயில் தாங்கும், விலையும் மலிவு. அடுத்து மழை லில்லி. அதன் கிழங்கில் லைகோரின் என்ற ஆல்கலாய்டு இருக்கிறது, ஒரு மழை பெய்தால் தொட்டி நிறையப் பூ. ஒடித்தால் எரிச்சலூட்டும் பால் வடியும் முள்கிரீடச் செடியும் நல்லது. துலுக்கச் சாமந்தியின் நெடியை நம்பலாம், ஆனால் பசித்த மான் அதையும் சில நேரம் மென்றுவிடும். ரோஜா, செம்பருத்தி, காசித்தும்பை எல்லாம் மாடிக்குத்தான். வாசல் சுவர்மேல் வைத்தால் போதாதா என்றால் போதாது. புள்ளிமான் பின்னங்கால்களில் எழுந்து நின்று தழை எட்டும்.

அரளி வேண்டாம் என்று அத்தை உறுதியாகச் சொல்லிவிட்டார். பேத்திக்கு இரண்டு வயது, எதையும் வாயில் வைப்பாள். நித்தியகல்யாணியும் தின்னக்கூடியதல்ல என்பதால் அந்தத் தொட்டிகள் அவள் கைக்கெட்டாத திண்ணை விளிம்புக்குப் போயின. வாங்கிவந்த செடிகளை உடனே வாசலில் வைக்காமல் மூன்று வாரம் மாடியில், உரம் இல்லாமல், வேர் பிடிக்கும்வரை வைத்திருந்தோம்.

கீழே இறக்கிய நான்காம் நாள் ஒரு நித்தியகல்யாணியில் நுனி மட்டும் கிழிந்திருந்தது. வேர் அசையவில்லை. மென்ற இலை படிக்கட்டில் ஈரமாகக் கிடந்தது. அத்தை அதைத் துடைப்பத்தால் ஒதுக்கிவிட்டுக் கோலம் போட உட்கார்ந்தார்.