பச்சைச் சளியும் பாதி அட்டை மாத்திரையும்

"மா, சளி பச்சையாயிடுச்சு. இதைப் பாதியா உடைச்சுப் பேரனுக்குக் கொடுக்கலாமா?"

பினாங்கு டத்தோ கெராமட் பக்கம் நான் வேலை செய்யும் பார்மசிக்குப் போன மாதம் வந்த ஆண்ட்டி ஒருவர், கைப்பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து நீட்டினார். மகனுக்கு எப்போதோ தொண்டைப் புண்ணுக்குக் கொடுத்த ஆண்டிபயாடிக், ஆறு மாத்திரை மீதி. பேரனுக்கு நான்கு வயது.

பச்சை நிறத்தைப் பார்த்ததும் பயம் வருவது இயல்பு. ஆனால் அந்த நிறம் நம் உடம்பிலிருந்தே வருகிறது. கிருமியோடு போராட மூக்குக்கு வரும் வெள்ளை அணுக்களில் பச்சை நிற நொதி ஒன்று இருக்கிறது. அணுக்கள் சிதையும்போது அது சளியில் கலக்கிறது. அதனால்தான் தண்ணீராக ஒழுகிய மூக்கு மூன்று, நான்கு நாளில் மஞ்சளாகிப் பச்சையாகிறது. நிறத்தை மட்டும் வைத்து இது பாக்டீரியா என்று யாராலும் சொல்ல முடியாது.

சாதாரணச் சளியைக் கொண்டுவருபவை வைரஸ்கள், 200 வகைக்கும் மேல். ஆண்டிபயாடிக் எதுவும் அவற்றைத் தொடாது. "போன தடவை சாப்பிட்டதும் சரியாச்சே?" என்று கேட்பார்கள். சளி பொதுவாக 7 முதல் 10 நாளில் தானாகவே போய்விடும். ஐந்தாம் நாள் மாத்திரை தொடங்கினால் பெயர் மாத்திரைக்குப் போகிறது, குழந்தைக்கு வயிற்றுப்போக்குதான் மிச்சம். 1952ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டப்படி டாக்டரின் சீட்டு இல்லாமல் நாங்கள் ஆண்டிபயாடிக் தரக்கூடாது. சட்டமே இல்லாவிட்டாலும் அந்த ஆண்ட்டிக்கு நான் தந்திருக்க மாட்டேன்.

அப்புறம் கற்பூரம். தேங்காய் எண்ணெயில் கற்பூரத்தைக் காய்ச்சி நெஞ்சில் தடவுவது நம் வீடுகளில் பாட்டி காலத்துப் பழக்கம். அதன் பின்னால் இருக்கும் பாசம் எனக்குப் புரிகிறது. இருந்தாலும் இரண்டு வயதுக்குக் கீழே வேண்டவே வேண்டாம். கற்பூரம் சின்னக் குழந்தைக்கு வலிப்பை வரவைக்கும். இங்கே குழந்தை பிறந்ததும் தொப்புள்கொடி இரத்தத்தில் ஜி6பிடி (இரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் நொதி) குறைபாடு பார்க்கிறார்கள் அல்லவா? அந்தக் குறைபாடு உள்ள பிள்ளைக்கு அந்துருண்டையைப் போலவே கற்பூரமும் ஆகாது, இரத்த அணுக்கள் உடையக்கூடும். சுடுதண்ணீர்ப் பாத்திரத்தில் ஆவி பிடிக்க வைப்பதும் பிள்ளைகளுக்கு வேண்டாம். பாத்திரம் சாய்ந்தால் தொடையெல்லாம் வெந்துவிடும்.

ஐஸ் போட்ட செண்டோல் சாப்பிட்டதால் சளி வந்தது என்று பிள்ளையைத் திட்டாதீர்கள். பெரும்பாலும் தாஸ்காவில் (குழந்தைக் காப்பகத்தில்) பக்கத்துப் பிள்ளையின் கையிலிருந்து வந்திருக்கும்.

பெரியவர்களுக்கு ஒன்று. சளி மாத்திரை பலவற்றில் பாராசிட்டமால் ஏற்கெனவே கலந்திருக்கிறது. அதோடு பனடோலையும் போட்டால் அளவு இரட்டிப்பாகிக் கல்லீரலைக் கெடுக்கும். 500 மில்லிகிராம் மாத்திரை என்றால் ஒரு நாளைக்கு எட்டைத் தாண்டக்கூடாது. தூக்கம் வரவைக்கும் சளி மாத்திரையைப் போட்டுக்கொண்டு பிறையிலிருந்து பாலத்தில் மோட்டார் ஓட்டி வேலைக்குப் போகாதீர்கள், தயவுசெய்து.

அந்த ஆண்ட்டிக்கு நான் கொடுத்தது மூக்கில் விடும் உப்புநீர் மட்டும். ராத்திரி இருமலுக்கு ஒரு தேக்கரண்டி தேன் கொடுக்கச் சொன்னேன். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கூடாது. மிளகு ரசம் தாராளமாகக் கொடுக்கலாம், தொண்டைக்கு இதமாக இருக்கும்.

எப்போது கிளினிக்குக் கிளம்ப வேண்டும் என்பதையும் எழுதிக் கொடுத்தேன். மூன்று மாதம் நிறையாத குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் உடனே. மூக்கொழுகலே இல்லாமல் காய்ச்சல் மட்டும் கொதித்தால் டெங்கியாக இருக்கலாம், இரத்தம் பார்க்க வேண்டும், அதுவரை ஐபுபுரொஃபென் என்ற காய்ச்சல் மருந்தைக் கொடுக்கக்கூடாது. மூச்சு வாங்கினால், பிள்ளை அழாமல் இருக்கும் நேரத்தில் சட்டையைத் தூக்கிவிட்டு வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். ஒரு வயது முதல் ஐந்து வயதுவரை 40, இரண்டு மாதம் முதல் ஒரு வயதுவரை 50. எண்ணிக்கை அதைத் தொட்டாலோ, விலாவுக்குக் கீழே உள்ளிழுத்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.