பாதி முடிந்த குடியிருப்பில் வீடா? முதலில் வாசலுக்கு வெளியே பாருங்கள்

புது வீடுகளைச் சாவி கைமாறும் முன் சோதித்துச் சொல்வது என் தொழில். கூப்பிடுபவர்கள் எல்லாரும் கேட்பது ஏறத்தாழ ஒன்றுதான்: சுவர் தூக்குக்குண்டுக்கு நேராக நிற்கிறதா, டைல்ஸைத் தட்டினால் டொப்பென்று கேட்கிறதா, கதவு ஒழுங்காகச் சாத்துகிறதா. பார்க்க வேண்டியவைதான், பார்க்கிறேன். ஆனால் பக்கத்து பிளாக்கில் இன்னும் கம்பி கட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் வீடு வாங்கினால் தலைவலியில் பெரும்பங்கு வாசற்படிக்கு வெளியே இருந்துதான் வரும், அதைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை.

சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். தாரின் மேலடுக்கைக் கட்டுநர் கடைசியில்தான் போடுவார். அதில் தப்பில்லை, கான்கிரீட் லாரி ஓடும்போதே போட்டால் வீணாகிவிடும். சிக்கல் எங்கே என்றால், மேன்ஹோல் மூடியையும் மழைநீர் வடிகாலின் கம்பி மூடியையும் பல இடங்களில் சாலையின் இறுதி மட்டத்துக்கே முன்கூட்டி வைத்துவிடுகிறார்கள், அதனால் அவை இப்போதைய சாலையைவிட 3, 4 சென்டிமீட்டர் தூக்கிக்கொண்டு நிற்கும். தண்ணீர் மேடேறி வடிகாலுக்குள் போகுமா? சுற்றித் தேங்கி, எங்கே பள்ளமோ அங்கே ஓடும். அந்தப் பள்ளம் உங்கள் வாசல்தானா என்பது நல்ல மழைக்கு மறுநாள் போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும். மேலடுக்கு எப்போது வரும் என்று எழுத்தில் வாங்குங்கள். “எல்லாம் முடிஞ்சதும் போட்டுடுவோம்” என்பது தேதி கிடையாது.

சாலையாவது கண்ணுக்குத் தெரியும். எனக்கு அதிகம் பயம் கழிவுநீர்க் குழாயில்தான். கொத்தனாரும் பெயின்டரும் சட்டி, கரண்டி, பிரஷ்ஷை எங்கே கழுவுகிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? பெரும்பாலும் உங்கள் குளியலறையில். சிமென்ட் பால் குழாயின் அடியில் படிந்து கல்லாகிவிடும். 100 மில்லிமீட்டர் குழாய்க்குப் பொதுவாக 40க்கு 1 முதல் 80க்கு 1 வரைதான் வாட்டம், அதாவது 40 முதல் 80 அடி நீளத்துக்கு ஒரே ஒரு அடி இறக்கம், அதில் கொஞ்சம் படிவு விழுந்தாலே போதும், மேலே வருவதெல்லாம் அங்கே சிக்கும். நான் குளியலறையில் பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீரைக் கொட்டச் சொல்லிவிட்டு வெளியே ஆய்வுத் தொட்டியை, அதாவது குழாயைத் திறந்து பார்ப்பதற்கென்று கட்டிய மூடிபோட்ட தொட்டியை, திறந்துவைத்துப் பார்ப்பேன். தண்ணீர் தயங்கித் தயங்கி வந்தாலோ கூடவே மணல் வந்தாலோ கேமரா விட்டுப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள் என்றுதான் சொல்வேன். உங்கள் குழாய் சுத்தமாக இருந்தும் முழு நிம்மதி கிடையாது, இன்னும் கட்டப்படும் வீடுகளின் குப்பையும் அதே மெயின் லைனில்தான் இறங்கும், அது அடைத்தால் தண்ணீர் எதிர்த்துக்கொண்டு வருவது ஏற்கெனவே குடிவந்த தரைத்தளத்துக்காரர் வீட்டுக்குள்.

குடியிருப்புக்கென்று தனிக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் உண்டென்றால் இன்னொரு விஷயம். எல்லா வீட்டிலும் ஆள் இருப்பார்கள் என்ற கணக்கில் அதை வடிவமைத்திருப்பார்கள். உள்ளே வேலை செய்வது பாக்டீரியா, அதற்குத் தீனி வேண்டும். நூறு வீட்டுக்கான நிலையத்தில் பத்து வீட்டுக் கழிவுநீர் மட்டும் வந்தால் அது சரியாக ஓடாது, நாற்றம் வரும், கடைசியில் லாரியில் அள்ளிக்கொண்டு போக வேண்டியிருக்கும். அந்தச் செலவு யாருடையது? விற்காத வீடுகளுக்கான பராமரிப்புக் கட்டணத்தைக் கட்டுநர் கட்டுகிறாரா, அல்லது குடிவந்த பத்துப் பேர் தலையிலேயே விழுகிறதா? இதை முன்பணம் கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

வீட்டுக்குள் வந்தால், அவசரத்தில் முடித்த முதல் கட்ட வீடுகளில் ஓதம், அதாவது சுவரிலும் தரையிலும் காயாமல் தங்கிய ஈரம்தான் பெரிய தொல்லை. கான்கிரீட்டுக்கு 28 நாள் என்று எல்லாரும் சொல்வார்கள், அது வலிமையைச் சோதிக்கும் கணக்கு, காய்வதற்கான கணக்கே வேறு. தரையைச் சமப்படுத்தப் போடும் சிமென்ட் பூச்சான ஸ்க்ரீட் நல்ல காற்றோட்டத்தில் நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் கனம்தான் காயும், கனம் 50 மில்லிமீட்டரைத் தாண்டினால் அந்த வேகமும் குறையும். காயாத தரைமேல் மரப்பலகை ஒட்டினால் உப்பும், காயாத சுவரில் பெயின்ட் அடித்தால் பொரிந்து உதிரும், உப்புப் பூக்கும். மயிரிழை விரிசல்களுக்காகப் பதற வேண்டாம், பூச்சு காயும்போது வருபவை அவை. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பி ஒரு முனையில் அகலமாகிக்கொண்டே போகும் விரிசல் என்றால் பொறியாளரைக் கூப்பிடுங்கள், அதிலும் பக்கத்திலேயே அடுத்த பிளாக்குக்கு ஆழமாகத் தோண்டுகிறார்கள் என்றால் உடனே. தோண்டத் தொடங்குவதற்கு முன்பே சுவர்களைத் தேதி தெரியும்படி படம் எடுத்து வைத்திருப்பவருக்குத்தான் பிறகு பேச வாய் இருக்கும்.

விற்பனை ஆட்கள் உங்களை விடுமுறை நாளில்தான் கூட்டிப்போவார்கள், இயந்திரமெல்லாம் அன்றைக்கு ஓய்வு. நீங்களாக ஒரு வேலை நாள் காலையில் போங்கள். லாரி எந்த வழியாக வருகிறது, ஜல்லியும் மணலும் எங்கே குவிகிறது, லிஃப்ட் நிரந்தர மின் இணைப்பில் ஓடுகிறதா இல்லை ஜெனரேட்டரிலா, எல்லாம் ஒரு மணி நேரத்தில் தெரியும். பால்கனிக்கு எதிரே காலி இடம் இருந்தால் விளம்பரப் படத்தை நம்பாமல் அனுமதி பெற்ற வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். மாதிரி வீட்டில் கட்டில், சோபா எல்லாம் வழக்கத்தைவிடச் சின்னதாக இருக்கக்கூடும், டேப் எடுத்துப் போங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, தவணைகள் தேதிக்கு என்றில்லாமல் முடிந்த வேலைக்கு என்று இருக்கட்டும். சாலை, வடிகால், நிரந்தர மின்சாரம் மூன்றும் ஒப்பந்தத்தில் தனித்தனியாக, ஒவ்வொன்றுக்கும் ஒரு கெடுவோடு வர வேண்டும். கடைசித் தவணையில் ஒரு பகுதியை அவை முடியும்வரை நிறுத்திவைக்கக் கேளுங்கள். பெரும்பாலும் முதலில் மறுப்பார்கள். அப்படியானால் எந்த வேலை முடியாது என்று பயப்படுகிறார்கள் என்று நேராகவே கேட்டுவிடுங்கள்.