வேகக் கணக்கில் பிள்ளைகள் தடுக்கி விழுவது காலத்தில்தான்

வேகம் என்பது தொலைவைக் காலத்தால் வகுத்தால் கிடைப்பது. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதைச் சொல்லிவிடுவார்கள். ஆனாலும் இயக்கப் பாடத்தில் மதிப்பெண் கொட்டிப் போகிறது. விடைத்தாள்களைத் திருத்தும்போது பார்த்தால், தவறு சூத்திரத்தில் இருக்காது. தொலைவிலும் அதிகம் இருக்காது. காலத்தைக் கையாளும் இடத்தில்தான் கணக்கு உடைந்திருக்கும். அதனால் இந்தப் பாடத்தைச் சூத்திரத்தில் தொடங்காமல் காலத்தில் தொடங்குவதே நல்லது.

மீட்டர் பத்துப் பத்தாகப் பிரிகிறது, மணியோ அறுபது அறுபதாகப் பிரிகிறது. “2 மணி 30 நிமிடத்தில் 150 கி.மீ சென்ற வண்டியின் வேகம் என்ன?” என்று கேட்டால், 150-ஐ 2.30-ஆல் வகுத்து 65.2 என்று எழுதும் பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பிலும் உண்டு. சரியான விடை மணிக்கு 60 கி.மீ, ஏனென்றால் 30 நிமிடம் என்பது 0.5 மணி. மணிக்கும் நிமிடத்துக்கும் நடுவே புள்ளி வைத்து எழுதும் பழக்கம்தான் இந்தக் குழப்பத்தின் வேர். அந்தப் புள்ளியைப் பிள்ளைகள் தசமப் புள்ளியாக எடுத்துக்கொள்கிறார்கள்.

இதற்கு நல்ல மருந்து, நிமிடத்தை முதலில் 60-இன் கீழ் பின்னமாக எழுத வைப்பது. 1 மணி 20 நிமிடம் என்றால் 1 + 20/60, அதாவது 4/3 மணி. தசமத்துக்குப் பிறகு போகலாம். 1.2 மணி என்பது 1 மணி 12 நிமிடம்தான் என்பதையும் ஒருமுறை போட்டுக் காட்டிவிட வேண்டும். 9.50-க்குக் கிளம்பி 11.15-க்குச் சேர்ந்தால் பயண நேரம் எவ்வளவு என்ற கேள்வியிலும் இதே வழுக்கல்தான்: சாதாரண எண்களைப் போல் கழித்தால் 1.65 வரும். பத்து மணி வரை 10 நிமிடம், பதினொன்று வரை 1 மணி, அதன்பின் 15 நிமிடம் என்று ஏறிப்போகச் சொன்னால் 1 மணி 25 நிமிடம் பிழையில்லாமல் வந்துவிடும்.

மணிக்கு இத்தனை கி.மீ என்பதை வினாடிக்கு இத்தனை மீட்டர் என்று மாற்றும்போது 5/18-ஆல் பெருக்குவதா, 18/5-ஆல் பெருக்குவதா என்ற குழப்பம் தீராதது. மனப்பாடம் செய்ய வைப்பதைவிட ஒரே ஒரு சமன்பாட்டைப் பிடித்துக்கொள்ளச் சொல்லலாம்: மணிக்கு 36 கி.மீ என்பது வினாடிக்கு 10 மீட்டர். 36,000 மீட்டரை 3,600 வினாடியால் வகுத்தால் அதுதான் வரும். மணிக்கு 18 கி.மீ என்றால் அதில் பாதி, 72 என்றால் இரு மடங்கு. விடை வந்ததும் அது நடக்கக்கூடியதா என்று பார்ப்பதும் கணக்கின் ஒரு பகுதியே. மணிக்கு 5 கி.மீ வேகத்தில் நடப்பவர் வினாடிக்கு ஏறத்தாழ 1.4 மீட்டர் போவார். தவறான பக்கம் பெருக்கினால் 18 மீட்டர் என்று வரும். அந்த வேகத்தில் ஓடிய மனிதரே இல்லை.

அடுத்தது சராசரி வேகம். இங்கே அவசரமே படக்கூடாது. 120 கி.மீ தொலைவை மணிக்கு 60 கி.மீ வேகத்தில் போய், அதே வழியில் மணிக்கு 40 கி.மீ வேகத்தில் திரும்பினால் சராசரி வேகம் என்ன? வகுப்பே ஒரே குரலில் 50 என்று சொல்லும். போக 2 மணி, வர 3 மணி, ஆக 5 மணியில் 240 கி.மீ. சராசரி 48. மெதுவாக வந்த பயணம் அதிக நேரத்தை எடுத்துக்கொண்டதால் சராசரி அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. இரண்டு வேகத்திலும் சம நேரம் ஓடியிருந்தால் 50 சரிதான். எனவே வேகங்களைக் கூட்டி இரண்டால் வகுக்கும் முன், இரண்டுக்கும் ஆன நேரம் ஒன்றுதானா என்று கேட்டே ஆக வேண்டும்.

புரிந்ததா என்று சோதிக்க ஒரு கேள்வி. போகும்போது 60 கி.மீ தொலைவை மணிக்கு 30 கி.மீ வேகத்தில் கடந்தாயிற்று. மொத்தப் பயணத்தின் சராசரி மணிக்கு 60 கி.மீ ஆக வேண்டுமானால் எந்த வேகத்தில் திரும்ப வேண்டும்? 90 என்ற பதில் உடனே வரும். ஆனால் 120 கி.மீ-ஐ 60 கி.மீ வேகத்தில் முடிக்க மொத்தமே 2 மணிதான். அந்த 2 மணியும் போகும்போதே செலவாகிவிட்டது. எந்த வேகத்தில் திரும்பினாலும் முடியாது. இந்தக் கேள்வியில் பிள்ளைகளை ஐந்து நிமிடம் தாராளமாகத் தவிக்க விடலாம், விடையை முந்திச் சொல்லிவிடக் கூடாது.

வழியில் நின்ற நேரமும் சராசரிக்குள் சேரும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. சராசரி வேகம் ஒரு கணத்தின் வேகத்தைக் காட்டாது என்பதற்கு உசைன் போல்ட்டின் ஓட்டத்தைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. 2009-இல் பெர்லினில் அவர் 100 மீட்டரை 9.58 வினாடியில் ஓடினார். சராசரி வேகம் வினாடிக்கு 10.44 மீட்டர். ஆனால் 60 மீட்டருக்கும் 80 மீட்டருக்கும் இடைப்பட்ட 20 மீட்டரை 1.61 வினாடியில் கடந்தார். அங்கே அவர் வேகம் வினாடிக்கு 12.4 மீட்டர், அதாவது மணிக்கு 44 கி.மீ-க்கும் மேல். துப்பாக்கி ஒலித்தபின் கால் அசையவே அவருக்கு 0.146 வினாடி ஆனது. அதுவும் அந்த 9.58-க்குள் அடக்கம்.

காலத்தை அளப்பதற்கு வருவோம். ஸ்டாப் வாட்ச் நூறில் ஒரு பங்கு வினாடி வரை காட்டும், அழுத்தும் விரல் அவ்வளவு துல்லியமாக இருக்காது. கண் பார்த்து விரல் அழுத்த ஏறத்தாழ 0.2 வினாடி பிடிக்கும். 2 வினாடி நிகழ்ச்சியில் இது பத்து சதவீதப் பிழை. தனி ஊசலில், அதாவது நூலில் தொங்கி ஆடும் குண்டில், ஒரே ஒரு அலைவை (ஒருமுறை போய்த் திரும்பும் ஆட்டத்தை) அளந்து எழுதும் மாணவரின் அட்டவணை தாறுமாறாக இருப்பது இதனால்தான். 20 அலைவுகளுக்கு ஆகும் நேரத்தை அளந்து 20-ஆல் வகுத்தால், அதே விரல் பிழை அலைவுக்கு 0.01 வினாடியாகச் சுருங்கிவிடும்.

ஊசலின் நீளத்தை நூல் தொங்கும் புள்ளியிலிருந்து குண்டின் நடுப்புள்ளி வரை அளக்க வேண்டும், நூலை மட்டும் அளந்தால் போதாது. ஆணியில் தளர்வாகக் கட்டினால் முடிச்சு நகர்ந்து நீளம் மாறிக்கொண்டே இருக்கும். இரண்டாகப் பிளந்த தக்கையின் நடுவில் நூலை இறுக்கிப் பிடிக்கலாம். இழுபடும் நூல் ஆகாது. குண்டைத் தள்ளாமல் விட வேண்டும். தள்ளினால் வட்டமடிக்கத் தொடங்கும். 10 பாகைக்குள் ஆட விடுவது நல்லது. 60 பாகைக்கு இழுத்து விட்டால் அலைவு நேரம் ஏறத்தாழ 7 சதவீதம் கூடிவிடும்.

எண்ணுவதில்தான் பெரிய பிழை. குண்டு நடுக்கோட்டைக் கடக்கும்போது வாட்ச்சை அழுத்தி, அப்போது “சுழியம்” என்று எண்ண வேண்டும். மறுபடி அதே திசையில் நடுக்கோட்டைக் கடக்கும்போதுதான் “ஒன்று”. முதல் அழுத்தத்திலேயே “ஒன்று” என்றால் 20 வரை எண்ணினாலும் ஆனது 19 அலைவுகளே. 1 மீட்டர் ஊசலுக்கு 2.0 வினாடி வர வேண்டிய இடத்தில் 1.9 வரும். குண்டு ஓரத்தை எட்டும் கணத்தை வைத்து எண்ணுவதும் சரிவராது. அங்கே குண்டு மெதுவாகி நிற்பதால் எந்தக் கணத்தில் அழுத்துவது என்று தெரியாது. நடுவில் அது மிக வேகமாகக் கடப்பதால் அந்தக் கணம் கூர்மையாகத் தெரியும். நீளத்தை 25 செ.மீ ஆக்கினால் அலைவு நேரம் 1 வினாடி ஆகும். நீளம் நான்கில் ஒன்றானால் நேரம் பாதியாகிறது என்பதைப் பிள்ளைகள் தங்கள் அட்டவணையிலேயே கண்டுகொள்வார்கள்.

நேர்கோட்டு இயக்கத்துக்கு ஒரு 20 மீட்டர் தடம் போதும். 5 மீட்டருக்கு ஒரு கோடும், கோட்டுக்கு ஒரு வாட்ச்சும் வையுங்கள். நடப்பவர் தொடக்கக் கோட்டுக்கு மூன்று மீட்டர் முன்பிருந்தே நடந்து வரட்டும், அப்போதுதான் கோட்டைத் தொடும்போது நடை சீராகியிருக்கும். அவர் அதைக் கடக்கும் கணத்தில் ஒருவர் கையை இறக்க, எல்லா வாட்ச்சும் ஒன்றாக ஓட வேண்டும். தடம் நீளமானால் குரல் கொடுக்காமல் கையசைப்பதே சரி. ஒலி 100 மீட்டர் கடக்க 0.3 வினாடி ஆகிறது.

கிடைத்த அளவுகளைத் தொலைவு–காலம் வரைபடமாக்கும்போதும் காலம்தான் ஏமாற்றும். 0, 5, 10, 20, 30 வினாடி என்று அட்டவணை இருந்தால், இவற்றைச் சம இடைவெளியில் குறித்துவிடுவார்கள். சீரான இயக்கத்தின் நேர்கோடு பொய்யாக வளைந்துவிடும். கிடைமட்டக் கோட்டைச் சமதளச் சாலை என்றும், ஏறும் கோட்டை மேடு என்றும் படிப்பார்கள். கிடைக்கோடு என்றால் நின்றுவிட்டது என்று பொருள்: காலம் போகிறது, தொலைவு கூடவில்லை. கோடு கீழே இறங்கலாமா என்பது செங்குத்து அச்சில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. தொடக்க இடத்திலிருந்து உள்ள தொலைவு என்றால் திரும்பி வருகையில் இறங்கும், கடந்த மொத்தத் தொலைவு என்றால் ஒருபோதும் இறங்காது. செங்குத்தாக ஏறும் கோட்டை யாராவது வரைந்தால் அழித்துவிடாமல், அந்த வண்டி எவ்வளவு நேரத்தில் அந்தத் தொலைவைக் கடந்தது என்று அவரையே கேளுங்கள். இடப்பக்கம் திரும்பும் கோட்டை வரைந்தவரிடம், வண்டி கிளம்பியபோது மணி என்ன, சேர்ந்தபோது மணி என்ன என்று அச்சைப் பார்த்துப் படிக்கச் சொல்லுங்கள்.