லோகோ உங்களுடையது, ஃபைல் யாரிடம்?

பழைய வெப்சைட்டைப் புதுப்பிக்க வேண்டும் என்று வருகிற சிறு தொழில்காரர்களிடம், டொமைன், அதாவது வெப்சைட்டின் முகவரிப் பெயர், யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று முதலில் கேட்பேன். "அது முன்னாடி பண்ணிக் கொடுத்த தம்பிகிட்ட இருக்குங்க" என்பார்கள். லோகோவின் ஓப்பன் ஃபைல், அதாவது திருத்தக்கூடிய மூல ஃபைல்? அதுவும் அந்தத் தம்பியிடம்தான். தம்பியின் நம்பரோ இப்போது உபயோகத்தில் இல்லை.

நிறம், எழுத்துரு, இடைவெளி பற்றியெல்லாம் எங்கள் டிசைன் தொழிலில் நிறையவே பேசுகிறோம். ஆனால் ஒரே லோகோவை இரண்டாம் முறை வரையச் சொல்லிப் பணம் கொடுக்கிறவர்களையும், பல வருடம் பழகிய வெப்சைட் முகவரியை இழந்து நிற்கிறவர்களையும் பார்க்கும்போது, கோளாறு அழகியலில் இல்லை என்று புரிகிறது. காசு கொடுத்துச் செய்த வேலை கைக்கு வந்து சேரவே இல்லை.

டொமைனிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதில் விழும் அடிதான் பலமானது. டொமைனை யாரும் நிரந்தரமாக வாங்கிவிட முடியாது. ஆண்டுக் கணக்கில் பதிவு செய்து வைத்துக்கொள்கிறோம், அவ்வளவுதான். டொமைனைப் பதிவு செய்து தரும் பதிவு நிறுவனத்தின் கணக்கில் பதிவுதாரர் என்ற இடத்தில் யார் பெயரும் மின்னஞ்சலும் இருக்கிறதோ, அவரோடுதான் அந்த நிறுவனம் பேசும். டொமைனில் உங்கள் கடைப் பெயரே இருப்பதோ, நீங்கள் வருடாவருடம் டிசைனருக்குப் பணம் அனுப்பியதோ அங்கே செல்லாது. வீட்டுப் பத்திரத்தை, வீடு கட்டிய மேஸ்திரியின் பெயரில் எழுதிவைத்த கதைதான் இது.

கெட்ட எண்ணம் கொண்ட டிசைனரால்தான் இப்படி ஆகும் என்று நினைக்க வேண்டாம். நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவை வெறும் மறதி. டிசைனர் வேறு வேலைக்குப் போயிருப்பார், அவருடைய கார்டு காலாவதியாகியிருக்கும், புதுப்பிக்கச் சொல்லும் மின்னஞ்சல்கள் யாரும் திறக்காத பெட்டியில் கிடக்கும். டாட் காம் போன்ற பொது டொமைன்களில் தவணை முடிந்த பின்பும் பதிவு நிறுவனம் சில நாள் பொறுத்துப் பார்க்கும். அது அதிகபட்சம் 45 நாள் வரை போகலாம், ஆனால் எத்தனை நாள் என்பது அந்தந்த நிறுவனத்தின் விருப்பம். அதன் பிறகு பெயர் நீக்கப்பட்டால் மீட்டுக்கொள்ள 30 நாள் அவகாசம் உண்டு, கூடுதல் கட்டணத்தோடு. அதுவும் தாண்டினால் 5 நாள் முடக்கம், பிறகு யார் வேண்டுமானாலும் பதிவு செய்துகொள்ளலாம். டாட் இன் போன்ற நாட்டுக் குறியீட்டு டொமைன்களுக்கு விதிகள் வேறு.

அப்படி வேறொருவர் கைக்குப் போகும்போது வெப்சைட் மட்டும் போவதில்லை. அந்த டொமைனில் நீங்கள் வைத்திருந்த மின்னஞ்சல் முகவரிகளும் புதிய உரிமையாளரின் கட்டுப்பாட்டுக்குப் போகின்றன. உங்களுக்கு வர வேண்டிய கடிதங்களும், "பாஸ்வேர்டு மறந்துவிட்டது" என்று அழுத்தினால் வரும் இணைப்புகளும் அவருக்குப் போகலாம். இதைச் சொன்னால்தான் பல முதலாளிகள் நிமிர்ந்து உட்கார்கிறார்கள்.

சரிபார்ப்பது எளிது. டொமைன் பெயர்களை உலக அளவில் ஒருங்கிணைக்கும் ஐகான் (ICANN) அமைப்பின் தேடல் பக்கத்தில் பெரும்பாலான பொது டொமைன்களுக்குப் பதிவு நிறுவனத்தின் பெயரும் தவணை முடியும் தேதியும் தெரியும். பதிவுதாரர் பெயர் 2018-இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியத் தனியுரிமைச் சட்டத்துக்குப் பின் பெரும்பாலும் மறைக்கப்பட்டிருக்கும், அதனால் அதை மட்டும் பார்த்து முடிவுக்கு வர முடியாது. உண்மையான சோதனை ஒன்றுதான்: பதிவு நிறுவனத்தின் தளத்தில் நீங்களே லாகின் செய்ய முடிகிறதா, பாஸ்வேர்டை மாற்றச் சொன்னால் அந்த மின்னஞ்சல் உங்கள் பெட்டிக்கு வருகிறதா? முடியாது என்றால் அந்த டொமைன் இன்னும் உங்களுடையது ஆகவில்லை. இன்னொன்று, அந்தக் கணக்குக்குக் கொடுக்கும் மின்னஞ்சல் அதே டொமைனில் இருக்கக் கூடாது. டொமைன் படுத்துவிட்டால் அதை எழுப்புவதற்கான கடிதமும் வராமல் போகும்.

தளத்தை வைத்திருக்கும் சர்வர் இடமான ஹோஸ்டிங்கும் இதே வழிதான். வேர்ட்பிரஸ் தளமானால் ஃபைல்கள் ஒருபுறம், டேட்டாபேஸ் ஒருபுறம் என்று இரண்டையும் நகல் எடுத்தால்தான் அது பேக்கப். ஃபைல்களை மட்டும் ஜிப் செய்து கொடுத்துவிட்டு "எல்லாம் இருக்கு சார்" என்று சொல்கிறவர்கள் உண்டு. கட்டுரைகளும் ஆர்டர்களும் டேட்டாபேஸில்தான் இருக்கும். விக்ஸ் போன்ற சேவையில் கட்டிய தளத்தை அப்படியே தூக்கி வேறு ஹோஸ்டிங்கில் வைக்க முடியாது என்பதையும் கட்டுவதற்கு முன்பே தெரிந்துகொள்ளுங்கள். அது குற்றமில்லை, நிறையப் பேருக்கு அதுவே போதும். டொமைனை மட்டும் தனியாக உங்கள் கையில் வைத்திருந்தால் சரி.

இனி லோகோ. "லோகோ இருக்கு, அனுப்புறேன்" என்று வாட்ஸ்அப்பில் வருவது பெரும்பாலும் ஒரு ஜேபெக். படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதை இன்னும் கொஞ்சம் நசுக்கித்தான் தரும். டாக்குமெண்டாக அனுப்பினால் அந்தக் கெடுதல் இல்லை. 500 பிக்சல் அகலமுள்ள ஒரு படத்தை, அச்சுக்கு வழக்கமாகக் கேட்கும் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) தரத்தில் அடித்தால் நாலு சென்டிமீட்டர் சொச்சம்தான் வரும். விசிட்டிங் கார்டுக்குச் சமாளிக்கலாம். வண்டியின் பக்கவாட்டில் ஒட்ட வேண்டும் என்றால் ஓரமெல்லாம் படிக்கட்டாகத் தெரியும்.

கேட்டு வாங்க வேண்டியது வெக்டர் ஃபைல். கோடுகளாகவும் வளைவுகளாகவும் கணக்கில் எழுதப்பட்டிருப்பதால் எவ்வளவு பெரிதாக்கினாலும் கலங்காது. இங்கே ஒரு ஏமாற்று உண்டு, சில சமயம் தெரியாமலே நடப்பது: ஜேபெக் படத்தை இல்லஸ்ட்ரேட்டர், கோரல் டிரா போன்ற வரைகலை மென்பொருளுக்குள் போட்டு, அவற்றின் ஃபைல் வகைகளான ஏஐ (.ai), சிடிஆர் (.cdr) என்று சேமித்துக் கொடுத்துவிடுவார்கள். பெயரின் கடைசி எழுத்துகளைப் பார்த்து நம்ப வேண்டாம். பிடிஎஃப் ஆகக் கேட்டு வாங்கி, அக்ரோபாட்டில் 6400 சதவீதம் வரை பெரிதாக்கிப் பாருங்கள். ஓரம் கத்தி வைத்து வெட்டியது போல நின்றால் வெக்டர், சதுரம் சதுரமாக உடைந்தால் அது வெறும் படம்.

மென்பொருளோடு கட்டுண்ட ஃபைல் மட்டும் போதாது என்றும் சொல்வேன். கோரல் டிராவின் புதிய பதிப்பில் சேமித்ததைப் பழைய பதிப்பு திறக்காது. ஃப்ரீஹேண்ட் என்றொரு மென்பொருள் ஒரு காலத்தில் எங்கள் தொழிலில் கொடிகட்டிப் பறந்தது. அடோபி அதை 2007-இல் கைவிட்டது; அதில் வரைந்த லோகோக்களைத் திறக்க இன்றைக்குப் படாதபாடு பட வேண்டும். அதனால் ஓப்பன் ஃபைலோடு எழுத்துகளை வளைவுகளாக மாற்றிய ஒரு பிடிஎஃப், வெப்சைட்டுக்கான வெக்டர் வகையான ஒரு எஸ்விஜி, பின்னணி இல்லாத ஒரு பிஎன்ஜி படம் என்று சேர்த்து வாங்குங்கள். நிறங்களின் எண்களைத் தனியாக ஒரு தாளில் எழுதி வாங்குங்கள்: திரைக்கு ஹெக்ஸ் குறியீடு, அச்சுக்கு சிஎம்ஒய்கே எனும் நாலு மை அளவுகள், பான்டோன் நிறுவனத்தின் நிற அட்டவணையில் எடுத்த நிறம் என்றால் அதன் எண். 2022 நவம்பரில் அடோபி தன் மென்பொருள்களிலிருந்து பான்டோன் நிறத் தொகுப்புகள் பலவற்றை எடுத்தபோது, தனிச் சந்தா இல்லாதவர்களின் பழைய ஃபைல்களில் அந்த நிறங்கள் கறுப்பாகத் தெரிந்தன. நிறத்தின் எண்ணைக் குறித்து வைத்திருந்தவர்கள் அலட்டிக்கொள்ளவில்லை.

ஃபைல் கையில் இருப்பதும் உரிமை கையில் இருப்பதும் ஒன்றல்ல. பல நாடுகளின் சட்டப்படி, வெளியாள் ஒருவர் வரைந்த லோகோவின் பதிப்புரிமை எழுத்து மூலம் மாற்றித் தரும் வரை வரைந்தவரிடமே இருக்கும். பணம் கைமாறியது மட்டும் போதாது. ஒரு பத்தி எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்வதில் யாருக்கும் நஷ்டமில்லை. கேன்வா என்ற இணைய டிசைன் சேவையில் இருக்கும் ஆயத்த லோகோ ஒன்றில் பெயரை மட்டும் மாற்றியதானால் கையெழுத்தும் உதவாது. அதே படத்தை எல்லோருக்கும் தருவதால், அப்படிப்பட்ட லோகோவை வணிகக் குறியாகப் பதிவு செய்ய கேன்வாவின் விதிகளே இடம் தருவதில்லை.

எழுத்துருவும் அப்படித்தான். இலவசம் என்று இறக்கியதன் உள்ளே "சொந்த உபயோகத்துக்கு மட்டும்" என்ற குறிப்பு இருக்கக்கூடும். கம்ப்யூட்டரில் பயன்படுத்த வாங்கிய உரிமம் வெப்சைட்டில் ஏற்றுவதற்கும் செல்லும் என்று உறுதியில்லை. கூகுள் ஃபான்ட்ஸில் உள்ளவை பெரும்பாலும் எஸ்ஐஎல் திறந்த உரிமத்தில் வருகின்றன, வணிகத்துக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம். தமிழில் இன்னொரு தலைவலி சேர்கிறது: பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த விவரங்களை வெப்சைட்டுக்குக் காப்பி எடுத்தால் ஆங்கில எழுத்துகளின் குப்பையாகத்தான் வரும். பிரசுரத்துக்குத் தந்த உரையை, வெப்சைட்டிலும் போனிலும் சரியாகத் தெரியும் யூனிகோடிலும் ஒரு நகல் கேட்டு வைத்துக்கொண்டால் மறுபடி தட்டச்சு செய்யும் கூலி மிச்சம்.

யாரும் கவனிக்காத ஒன்று கியூஆர் கோடு. இலவசமாகச் செய்து தரும் தளங்கள் பல, உங்கள் முகவரிக்குப் பதிலாகத் தங்களுடைய குறுஇணைப்பு ஒன்றை உள்ளே வைத்துவிடுகின்றன. சோதனைக் காலம் முடிந்ததும் கோடு வேலை செய்யாது, சந்தா கேட்கும். அதற்குள் பெட்டியிலும் பையிலும் அடித்தாகியிருக்கும். அச்சுக்கு அனுப்புமுன் போனில் ஸ்கேன் செய்து, திறப்பதற்கு முன் திரையில் வரும் முகவரியைப் படியுங்கள். உங்கள் டொமைனாக இருக்க வேண்டும். பின்னால் மாற்ற வேண்டியிருக்கும் என்றால் உங்கள் தளத்திலேயே ஒரு பக்கத்தைக் காட்டி, அங்கிருந்து திருப்பிவிடுங்கள்.

சக டிசைனர்களுக்கும் ஒரு சொல். டொமைனைப் பிடித்து வைத்திருந்தால் பாக்கி வந்துவிடும் என்ற யோசனை நம்மிடையே உலவுகிறது. அதைவிட முன்பணம் வாங்குவதும், கடைசித் தவணை வந்த பிறகு இறுதி ஃபைல்களைத் தருவதும் நேரான வழி. டொமைன் உங்கள் பெயரில் இருந்தால் அந்தத் தளத்தைப் பற்றி வரும் புகாரும் உங்கள் வீட்டு வாசலுக்குத்தான் வரும். அதே சமயம் லேயர் லேயராக அடுக்கிய எல்லா வேலை ஃபைல்களையும் இலவசமாகத் தர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பிரசுரத்தின் ஓப்பன் ஃபைலுக்குத் தனிக் கட்டணம் கேட்பது நியாயமே, விலை பேசும்போதே சொல்லிவிட்டால். லோகோவின் வெக்டர் அந்தக் கணக்கில் சேராது. லோகோ வேலை என்றாலே அதுதான்.

டிசைனரைத் தேடியும் கிடைக்காத நிலையில் இருப்பவர்கள் முதலில் பதிவு நிறுவனம் எது என்று பார்த்து அவர்களுக்கு எழுதுங்கள். தொழில் பதிவுச் சான்று, பணம் கட்டிய ரசீதுகள் எல்லாவற்றையும் இணையுங்கள். பதிவுதாரர் என்ற இடத்தில் உங்கள் நிறுவனப் பெயர் இருந்துவிட்டால் வாய்ப்பு உண்டு. டிசைனரின் பெயர் இருந்தால் கடினம்தான். அப்போது புது டொமைன் ஒன்றை உங்கள் பெயரிலேயே பதிவு செய்து, பழையது உயிரோடு இருக்கும்போதே மின்னஞ்சல் முகவரியை எல்லா இடத்திலும் மாற்றத் தொடங்குங்கள். வங்கிக் கணக்கில் முதலில்.