ஆறு தன் வளைவைத் தானே வளர்க்கும் விதம்

சமவெளியில் ஆறு நெடுந்தொலைவு நேராக ஓடுவது அரிது. ஒரு மரம் சாய்ந்தோ கரை சரிந்தோ நீரோட்டம் சற்றே ஒருபக்கம் திரும்பினால் போதும். அந்தச் சிறு நெளிவு தானாகவே வளரத் தொடங்கும். வளைவின் வெளிப்புறத்தில் நீர் வேகமாக ஓடுவதால் கரை அரிபடுகிறது என்பது வழக்கமான விளக்கம். அது பிழையன்று, ஆனால் உட்கரைக்கு மணல் எப்படி வந்து சேர்கிறது என்பதை அது முழுமையாகச் சொல்வதில்லை.

அதற்கான விடை ஆற்றின் அடியில் இருக்கிறது. ஆறு திரும்பும்போது மையவிலக்கு விசை நீரை வெளிக்கரை நோக்கி ஒதுக்குவதால், அங்கே நீர்மட்டம் மிகச் சிறிதளவு உயர்கிறது. அந்த உயர்வின் அழுத்தமோ மேற்பரப்பு முதல் படுகை வரை எல்லா ஆழத்திலும் நீரை உட்கரைப் பக்கம் தள்ளுகிறது. வேகமாக ஓடும் மேல்நீர் இந்த அழுத்தத்தை மீறி வெளியே செல்ல, படுகையோடு உராய்ந்து வேகம் குன்றிய அடிநீர் அதற்கு இணங்கி, மணலையும் இழுத்துக்கொண்டு உள்ளே நகர்கிறது. ஆகவே வளைவில் நீர் திருகாணியின் புரியைப் போலச் சுழன்றபடி முன்னேறுகிறது. 1926-இல் ஆல்பர்ட் ஐன்ஸ்டீன் இதை விளக்கத் தேநீர்க் கோப்பையைத் துணைக்கு எடுத்தார். கலக்கிய தேநீரில் இலைத்துகள்கள் விளிம்புக்கு ஒதுங்காமல் அடியின் நடுவில் குவிவதும் இதே அடியோட்டத்தால்தான். இதைவிடத் தெளிவான உவமை எனக்குத் தெரிந்து இல்லை.

வெளிக்கரை அடியில் குடையப்பட்டு இடிய, உட்கரையில் மணல்திட்டு வளர, ஆறு தன் அகலத்தைப் பெரிதும் மாற்றாமலே பக்கவாட்டில் நகர்கிறது. அரிப்பு வளைவின் உச்சியைச் சற்றுத் தாண்டியே மிகுந்திருப்பதால், வளைவுகள் ஓட்டத்தின் திசையிலும் மெல்ல இடம்பெயர்கின்றன.

வளைவு பெருகப் பெருக, அதன் இரு முனைகளுக்கும் இடைப்பட்ட நிலம் கழுத்தைப் போலக் குறுகுகிறது. ஏதோ ஒரு வெள்ளத்தில் அந்தக் கழுத்து அறுபட்டால், அதே உயரத்தைக் குறைந்த தொலைவில் இறங்கும் புதிய பாதைக்குச் சரிவு அதிகமாதலால், ஆறு முழுவதும் விரைவில் அதற்கு மாறிவிடுகிறது. கைவிடப்பட்ட வளைவின் இரு வாய்களையும் வண்டல் அடைத்ததும், அது குதிரைக் குளம்பு ஏரியாகத் தேங்குகிறது.

மெல்ல நகர்வதும் திடீரெனத் தாவுவதும் நீதிமன்றத்திலும் வேறுபடுகின்றன. 1877-இல், அமெரிக்காவின் அயோவா, நெப்ராஸ்கா மாநிலங்களுக்கு எல்லையாக ஓடும் மிசூரி ஆறு ஒரு வளைவை அறுத்துக்கொண்டு பாய்ந்ததில், அயோவாவின் ஒரு துண்டு நெப்ராஸ்கா பக்கக் கரையில் சிக்கிக்கொண்டது. ஆறு சிறிது சிறிதாக நகர்ந்தால் மாநில எல்லையும் உடன் நகரும், திடீரெனத் தாவினால் எல்லை பழைய தடத்திலேயே நிற்கும் என்று 1892-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கூறியது. கார்ட்டர் லேக் என்ற அந்த ஊர் இன்றும் அயோவாவுக்கே உரியது.